வரிக்குத்தான் போகும்

1

போன வெள்ளிக்கிழமை காலை காபி நேரத்தில் எங்கள் தொழிற்சாலையின் போர்மேன் வந்து நின்றார். அவசர வேலை ஒன்று இருக்கிறது, நாளை சனிக்கிழமை ஓவர்டைம் செய்ய யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். கடைசியில் எனக்குப் பக்கத்து மெஷினில் நிற்கும் ஸ்டென்தான் வாயைத் திறந்தார்.

"வந்து என்ன பிரயோஜனம்? எல்லாம் வரிக்குத்தான் போகும்."

அவர் சொன்னது ஸ்வீடிஷ் மொழியில். என் காதில் விழுந்தது, தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த என் அண்ணன் மாணிக்கத்தின் குரலில்.

இந்தத் தொண்ணூற்றாறு மார்ச்சோடு நான் ஸ்வீடனுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. பத்தாண்டு நிறைவில் பனியைப் பற்றியும் இட்லி மாவு புளிக்காததைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு என்னவோ இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும் போலிருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள், என்ன உடம்புக்கு என்று கேட்பார்கள். மனசு சரியில்லை என்றால் இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வரி என்று சொல்லிவிட்டால் போதும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதனாலேயே அந்தச் சொல்லை யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

2

எங்கள் குடும்பம் ராஜகீழ்ப்பாக்கத்தில் பயிர் வைத்த குடும்பம். அப்பா காலத்திலேயே நிலம் மனைகளாகிவிட்டது. மிச்சமிருந்த துண்டை விற்று, வேளச்சேரி போகும் சாலையோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வாங்கி வைத்தார் அண்ணன். மொபெட் கம்பெனிக்குப் புஷ் என்கிற சின்னச் சின்ன உலோக வளையங்களைக் கடைந்து கொடுக்கும் வேலை. அவர் எட்டாவதோடு நின்றவர். என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துப் படிக்க வைத்தார். படித்து முடித்து எண்பத்திரண்டில் நானும் பட்டறைக்கே வந்தேன்.

வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. மாலையில் சீக்கிரமே மெஷின்கள் நின்றுவிடும். இரண்டாவது ஷிப்ட் ஓட்டினால் இன்னொரு மெஷின் வாங்கலாம், இன்னும் நாலு பேருக்கு வேலை கொடுக்கலாம். காகிதத்தில் படம் போட்டுக்கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்குடா ரெண்டாவது ஷிப்டு? மேல மேல சம்பாரிச்சா வரிக்குத்தான் போவும்."

"அண்ணா, மொத்தத்துக்கும் பிடிக்க மாட்டாங்க. படிக்கட்டு மாதிரி அது. மேல் படியில நிக்கிற பணத்துக்குத்தான் கூடுதல் வரி."

"நீ படிச்சவன். உனுக்குப் படிக்கட்டு தெரியும். ஒரு ரூபா கூடிச்சின்னா வூட்டுக்கு வந்து குந்திக்கினு மொத்தமும் கேப்பான். அந்த பேஜாரு நமக்கு வாணாம்."

அண்ணன் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியவில்லை. பக்கத்து ஷெட் காதர் பாயுடையது. அவரும் அதே மொபெட் கம்பெனிக்குத்தான் வேலை செய்தார். கையில் ஆறு மெஷின். அந்த நாளில் வருமானம் ஏற ஏற வரி விகிதமும் மளமளவென்று ஏறும். பாய் தன் ஷெட்டை மூன்றாக்கிவிட்டார். ஒன்று அவர் பேரில், ஒன்று மனைவி பேரில், ஒன்று மச்சான் பேரில். வாசலில் மூன்று போர்டு. நிஜமாகவே மூன்று கம்பெனி என்று காட்ட வேண்டும் அல்லவா? ஷெட்டுக்குள் குறுக்கே இரண்டு செங்கல் சுவர் எழுப்பினார்.

லேத்து ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், டிரில்லிங் மெஷின் அந்தப் பக்கம். கடைந்த புஷ்ஷில் துளை போட வேண்டுமென்றால், ஆள் டிரேயைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், சாலையோரமாகச் சுற்றி, அடுத்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். மழைக்காலத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் வாசலில் நின்று அதைப் பார்ப்பேன். ஒருநாள் பாயிடமே கேட்டேன்.

"இன்னா பண்றது தம்பி? ஒண்ணா கீதுன்னு சொன்னா ஒரேடியா மேல் படியில தூக்கி வெச்சிடுவான். மூணா கீதுன்னா மூணும் தரையிலயே கெடக்கும்" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு இல்லை.

ஆக, வரி ஒரு பட்டறையை வளரவிடாமல் அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அண்ணன் மேல் சந்தேகம் வலுத்தது. ஆறு மெஷின்காரர் ஒளிக்கிறார், சரி. இரண்டு லேத்துக்காரருக்கு என்ன பயம்? அப்படியென்றால் கணக்குக்கு வராத வருமானம் எங்கேயோ இருக்கிறது. எனக்குத் தெரியாமல் எங்கேயோ போகிறது. அந்தச் சமயத்தில் பார்த்து, சரோஜா அண்ணியின் தம்பி பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் மாடிவீடு கட்ட ஆரம்பித்தான். அவன் குவைத்தில் இருக்கிறான், அந்தச் சம்பாத்தியம் என்று அண்ணி சொன்னார். நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை.

3

அண்ணனை நேராகக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. வேறு விதமாகக் கேட்டேன். மொபெட் கம்பெனிக்கு ஆர்டர் கேட்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். இங்கிலீஷில் பேச வேண்டிய இடம். எனக்கு வரும், அவருக்கு வராது.

"நீ மெஷினைப் பாரு. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். ஒவ்வொரு முறையும் அதே பதில். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போவார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பேசாமல் வேலையில் நின்றுவிடுவார். ஆர்டர் கிடைத்ததா, எவ்வளவு, ஒன்றும் சொல்ல மாட்டார். என்னவோ மறைக்கிறார் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

கிண்டியில் வெளிநாட்டு மெஷின் விற்கும் ஒரு கம்பெனி, ஸ்வீடனில் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ள ஆள் எடுத்தது. எழுதிப் போட்டேன், கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மனைவி வசந்தா குரோம்பேட்டைக்காரி. அவளிடம்கூட உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. நல்ல வாய்ப்பு என்று மட்டும் சொன்னேன்.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அண்ணன்தான் டாக்ஸி பிடித்து எங்கள் இருவரையும் கூட்டிவந்தார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒன்று கேட்டார்.

"அந்த ஊர்ல வரி எப்பிடிடா?"

"ரொம்ப அதிகமாம் அண்ணா. உலகத்துலயே அதிகம்னு சொல்றாங்க."

"பின்ன ஏன்டா போற?"

டிக்கெட் பத்திரமாக இருக்கிறதா என்று பைக்குள் தேடினேன். அவரும் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

ஸ்வீடிஷ் மொழியில் வரிக்கு 'ஸ்கத்' என்று பெயர். வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் பத்துச் சொற்களுக்குள் அது இருந்தது. சம்பளச் சீட்டைப் பார்த்தவன் அதை மறக்க முடியாது. ஒருநாள் எங்கள் குடியிருப்பின் விளையாட்டு மைதானத்தில் ஓர் அம்மா, சறுக்குமரத்தில் ஏறிய குழந்தையைப் பார்த்து 'என் ஸ்கத்தே, வா' என்று கொஞ்சினார். பெற்ற பிள்ளையை 'என் வரியே' என்று கொஞ்சுகிறார்களே, இது என்ன ஜனம் என்று பயந்துபோய் வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். மொழி வகுப்பில் விசாரித்த பிறகுதான் தெரிந்தது: புதையலுக்கும் அதே சொல்தான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்களோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.

வரி அலுவலகத்தில் என் பெயரைப் பதிவு செய்யப் போனபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு என்றேன். அந்தப் பெண்மணி நெடுநேரம் என்னையே பார்த்தார். எதையோ ஒளிப்பவனைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வையை நான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தே அறிவேன். நான் அண்ணனைப் பார்த்த பார்வைதான்.

இங்கே வரி என்னை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டென் வரி அதிகம் என்று ஓவர்டைமைத் தொடமாட்டார். படகை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். நானோ வரி அதிகம் என்பதனாலேயே எல்லா சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். கையில் வருவது குறைவு. ஊருக்கு அனுப்ப வேண்டியதும் வீட்டுக்கு ஆவதும் குறையாது. அப்படியானால் கூடுதலாக உழைப்பதைத் தவிர வேறு வழி? ஒரே வரி, ஒரே மெஷின் வரிசை, இரண்டு ஆட்கள், இரண்டு திசை.

எங்கள் மகள் நித்யா இங்கேதான் பிறந்தாள். ஆறேழு வயதில் போனை எடுத்துப் பேசப் பழகியிருந்தாள். சனிக்கிழமைக்கு ஆள் கேட்டுப் போர்மேன் போன் செய்தால், நான் வீட்டில் இருந்தாலும் என்னைக் கேட்க மாட்டாள். "அப்பா வருவார்" என்று அவர்கள் மொழியிலேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படம் வரையப் போய்விடுவாள். என்னிடம் தமிழில் பேசுவது நாளுக்கு நாள் குறைந்தது. பேசும்போதும் ஒவ்வொரு வாக்கியமும் ஸ்வீடிஷ் ராகத்தில் மேலே ஏறி இறங்கும்.

வசந்தா முதியோர் இல்லத்தில் அரை நேர வேலை பார்த்தாள். முழு நேரம் தருகிறோம் என்று இரண்டு முறை கேட்டார்கள். "வேண்டாம்னுட்டேன். கூட வர்றதெல்லாம் டாக்ஸ்லயே போயிடும்" என்றாள். இவளும் அண்ணன் மாதிரி பேசுகிறாளே என்று எனக்கு எரிந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"என்ன இருக்கும்? நித்யா ஸ்கூல் விட்டு வர்றப்ப வீட்ல ஒரு ஆள் இருக்கணும். உங்களை இருக்கச் சொல்லவா?"

"அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா சண்டை வரும். டாக்ஸ்னு சொன்னா வராது" என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வரி விகிதத்தை நன்றாகக் குறைத்தார்கள். இனி ஜனங்கள் விழுந்து விழுந்து உழைப்பார்கள், நாடு வளரும் என்று பத்திரிகைகள் எழுதின. ஸ்டென் அப்போதும் மீன் பிடிக்கத்தான் போனார். வசந்தா அப்போதும் அரை நேரம்தான் போனாள். என்னிடம் அவள் கேட்டாள்: "இப்பத்தான் குறைச்சிட்டாங்களே. இனிமே சனிக்கிழமை வீட்ல இருக்கலாம் இல்ல?"

"குறைச்சிட்டாங்க. அதனால இப்பதான் ஓவர்டைம் செஞ்சா லாபம்" என்றேன்.

வரி ஏறினாலும் நான் போவேன், இறங்கினாலும் போவேன் என்றால், என்னை வீட்டை விட்டு அனுப்பியது வரிதானா என்று அன்றைக்கு எனக்கே என்மேல் ஒரு சந்தேகம் விழுந்தது. அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடித்தான், எட்டு வருஷமாக ஊர்ப்பக்கமே போகவில்லை என்பது உறைத்தது. தொண்ணூற்று நாலு டிசம்பரில் மூவருமாகக் கிளம்பினோம்.

5

டெல்லியிலும் அதற்குள் வரி விகிதங்களைக் குறைத்திருந்தார்கள். அண்ணன் பட்டறை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் முதலில் போனேன். சாலை அகலமாகியிருந்தது. தண்ணீர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. எங்கள் ஷெட்டில் ஒரு லேத்துதான் மிச்சம். அதுவும் துணி போர்த்திக் கிடந்தது. அண்ணன் மெலிந்திருந்தார். நித்யாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து ஏதோ கேட்டார். அவருடைய பேச்சு அவளுக்குப் புரியவில்லை. பெரியப்பா என்ன சொல்கிறார் என்று என்னிடம் ஸ்வீடிஷில் கேட்டாள்.

பக்கத்தில் காதர் பாயின் ஷெட்டில் சுவர்கள் இல்லை. இரண்டையும் இடித்துவிட்டார். தரையில் செங்கல் வரிசையின் தழும்பு மட்டும் இருந்தது. வாசலில் ஒரே போர்டு. உள்ளே புது மெஷின்கள், இருபது ஆள் போல நின்று வேலை செய்தார்கள்.

"இட்ச்சிட்டேன் தம்பி. இனிமே ஒண்ணா இருந்தாலும் தாங்கும்னு ஆடிட்டரு சொன்னாரு" என்றார் பாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அண்ணனாண்ட ஒரு வருசமா சொல்லிக்கினு கீறேன். ரெண்டாவது ஷிப்டுக்கு நம்பிக்கையான ஆளு வோணும், வந்து பாத்துக்க, நல்ல சம்பளம் தர்றேன்னு. மாட்டேன்றாரு. கேட்டா, சம்பளத்துல வரி புடிப்பாங்கன்றாரு. இன்னாத்துக்கு இப்பிடி பயப்படறாருன்னு புரியல."

பழைய சந்தேகம் முழுசாக எழுந்து நின்றது. சாயங்காலம் அண்ணன் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அண்ணியிடம் போனேன். அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். இந்தமுறை சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் வரி வரின்னு பயப்படற அளவுக்கு எங்க என்ன வச்சிருக்காரு?"

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குச் சிரிப்புதான் வந்தது, கொஞ்சம் அழுகை கலந்த சிரிப்பு.

"வரியா? இன்னா வரி தம்பி? வரி கட்டற அளவுக்கு நாம என்னிக்கு சம்பாரிச்சோம்? ஒரு தபா பாயோட ஆடிட்டரைப் போயி பாத்தாரு. 'உங்களுக்குக் கட்ட வேண்டியதே இல்லீங்க, போயிட்டு வாங்க'ன்னு அனுப்பிட்டாரு. வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு சரியா சாப்புடல. டீக்கடையில எல்லாரும் வரியைத் திட்டுவாங்க. இவரும் கூட சேர்ந்து திட்டுவாரு. திட்டலைன்னா இவரு சின்ன ஆளுன்னு தெரிஞ்சிடும் இல்ல?"

"அப்போ ரெண்டாவது ஷிப்டு ஏன் வேணாம்னாரு?"

"ஆர்டரு எங்க இருந்துது? இருக்கறதையே காலையில செஞ்சி முடிச்சிட்டு சாயங்காலம் மிஷினை தொடச்சிக்கினு இருந்தாரு."

"நான் போய்ப் பேசறேன்னு எத்தினி தடவை கேட்டேன்."

அண்ணி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "அந்தக் கம்பெனியில உக்காருன்னுகூட சொல்ல மாட்டாங்களாம். வெளிய நிக்க வெச்சி, பியூன்கிட்ட சொல்லி அனுப்புவாங்களாம். 'அதை அவன் பாக்கக் கூடாது சரோஜா, படிச்ச புள்ள'ன்னு சொன்னாரு. உன்கிட்ட சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. இப்ப பாயாண்ட சம்பளத்துக்கு நிக்கறதும் அதே வெக்கந்தான்."

நான் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதையாவது நம்பலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு வருஷம் பழகிய புத்தி அது. பிறகு துணி போர்த்திய அந்த ஒற்றை லேத்து ஞாபகம் வந்தது. ஒளித்து வைத்தவன் வீடு அப்படி இருக்காது.

6

மறுநாள் காலை அண்ணனோடு டீ குடிக்கப் போனேன். உனக்கு வரியே கிடையாதாமே என்று கேட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் கையில் இருந்தது. கேட்கவில்லை. அவர் எந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றாரோ, அதே சொல்லின் வழியாகத்தான் அவரை வெளியே கூப்பிட முடியும் என்று பட்டது.

"அண்ணா, டெல்லியில வரியெல்லாம் நல்லா குறைச்சிட்டாங்க, தெரியுமா? பாய் சுவரையே இடிச்சிட்டாரு."

"பாத்தேன், பாத்தேன்."

"இனிமே கூட சம்பாதிச்சாலும் பழைய மாதிரி பிடிக்க மாட்டாங்க. அந்த ரெண்டாவது ஷிப்டை நீ பாத்துக்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல."

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஏறிட்டுப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். அண்ணி சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு அன்றைக்கும் சந்தேகம், இன்றைக்கும் சந்தேகம்.

"நெஜமாவே கொறச்சிட்டானுங்களா?"

"நிஜமா."

"அப்போ யோசிக்கலாம்" என்றார்.

நாங்கள் திரும்புவதற்கு முன்பே அவர் பாயின் ஷெட்டில் இரண்டாவது ஷிப்டுக்குப் பொறுப்பேற்றுவிட்டார். வரியைக் குறைத்தால் உழைப்பு கூடுமா என்று ஆராய்கிறவர்கள் யாராவது அன்று ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்திருந்தால், வரி குறைந்ததும் வேலைக்கு வந்தவர் என்று அண்ணனையும் பாயோடு சேர்த்து எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். பாயின் விஷயத்தில் அது உண்மை. அண்ணன் விஷயத்திலும் ஒரு விதத்தில் உண்மைதான். எந்த விதத்தில் என்பதை அவர்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால்தான் வரி மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று அடித்துச் சொல்கிறவரையும், ஆக்கவே ஆக்காது என்று அடித்துச் சொல்கிறவரையும் நான் ஒரே அளவில் சந்தேகப்படுகிறேன்.

7

முந்தின பகுதியோடு முடித்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். நேற்று சனிக்கிழமை. நான் வேலைக்குப் போகவில்லை. போர்மேனிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். வரி என்று சொல்லவில்லை, மகளோடு இருக்கப் போகிறேன் என்றேன். அவர் அதிசயமாகப் பார்த்தார். நித்யாவும் அப்படித்தான் பார்த்தாள். இருவரும் சீட்டு விளையாடினோம். அவள் ஏமாற்றினாள் என்று நினைக்கிறேன்.

அப்போது தாம்பரத்திலிருந்து போன் வந்தது. அண்ணன் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினார். அவராக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல்முறை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"டேய் சேகரு! புட்ச்சிட்டானுங்கடா!"

"யாரைண்ணா? என்ன ஆச்சு?"

"மார்ச் மாச சம்பளத்துல வரி புட்ச்சிட்டானுங்க! பாயோட ஆடிட்டரு கணக்கு போட்டு பாத்துட்டு, 'மாணிக்கம் சார், நீங்க கட்டித்தான் ஆவணும்'னு சொல்ட்டாரு. சார்னாருடா என்னை! அநியாயமா இல்ல இது? ராவெல்லாம் நின்னு ஒழைக்கறவன் வயித்துல அடிக்கறானுங்க."

அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது. "காலையிலேர்ந்து தெரு பூரா இதையேதான் சொல்லிக்கினு திரியறாரு தம்பி!" என்று கத்தினார்.

"ரொம்ப அநியாயம் அண்ணா" என்றேன்.

"உனுக்கு அங்க எவ்ளோடா புடிக்கறான்?"

சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார். என்னைவிட உனக்குத்தான் அதிகம், உன் பாடு மோசம் என்று ஆறுதல் சொன்னார். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அண்ணனும் தம்பியும் அதைப் பற்றிக் கவலைப்படாமல், ஆளுக்கொரு அரசாங்கத்தை ஆசை தீரத் திட்டிக்கொண்டிருந்தோம்.